நவம்பரில் மூன்று இரவுகள்: மொரீஷியஸிலிருந்து ஓர் இமயக் கிராமத்துக்கு

[காட்சி: கியூர்பீப்பில் மழை. ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிகிறது.]

வணக்கம். நம் தீவில் மிக உயரமான மலை எது என்று என் தமிழ் வகுப்பில் கேட்டால், பாதிப் பிள்ளைகள் பீட்டர் போத் என்பார்கள். உச்சியில் ஓர் உருண்டைக் கல்லைத் தலை போல வைத்துக்கொண்டு நிற்பதால் அதுதான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதன் உயரம் 820 மீட்டர். எட்டே மீட்டரில் அதை வென்று நிற்பது பெத்தித் ரிவியேர் நுவார் மலை, 828 மீட்டர். அப்படி ஒன்பது மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் இமயத்தின் நந்தாதேவி உச்சியைத் தொட 364 மீட்டர் குறையும்.

அந்த நந்தாதேவியை நான் பார்த்தது ஒரு மாட்டுக்கொட்டகை வாசலில் நின்று, கையில் தேநீரோடு. ஏறவும் இல்லை, வியர்க்கவும் இல்லை.

கோயிலுக்கும் கல்யாணப் புடவைக்கும் என்று நம் குடும்பங்கள் சென்னைக்குப் போய்வருவது வழக்கம்தான். அந்தப் பயணத்தோடு இன்னும் ஆறு நாளைச் சேர்த்துக்கொண்டால், இமயத்தடியில் ஒரு சின்னக் கிராமத்தில் மூன்று இரவு தங்கிவிட்டு வரலாம். அதை எப்படித் திட்டமிடுவது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். எந்த ஊர் என்று முதலில் தேடாதீர்கள். முதலில் நாட்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மேசைமேல் வையுங்கள்.

[காட்சி: மேசைமேல் நாட்காட்டி. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் மேல் சிவப்புப் பென்சில் கோடு.]

நம் பள்ளிகளுக்கு நடுவாண்டில் ஒரு விடுமுறை வருகிறது. ஜூலையும் ஆகஸ்டும் சேரும் இடம். இங்கே குளிர்காலம், கரும்பு வெட்டு, தெளிந்த வானம். அதனால் அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று மனம் நம்பிவிடுகிறது. என் மனமும் நம்பியது. முதல் தடவை நாங்கள் போனது ஜூலைக் கடைசியில். ஐந்து நாளில் ஒரு சிகரத்தையும் பார்க்கவில்லை. எதிரே இமயம் இருக்கிறது என்று விடுதிக்காரர் கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டிய திசையில் வெள்ளைப் பஞ்சுதான் இருந்தது. இறங்கும் நாளில் சாலையில் மண் சரிந்து, மூன்று மணி நேரப் பாதையில் பதினான்கு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். என் மாமியார் கந்தர் சஷ்டிக் கவசத்தை எத்தனை தடவை சொல்லி முடித்தார் என்பதை எண்ணுவதை நான் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

அது அற்பமான தொல்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்த மலைகளில் பெய்யும் பருவமழை உயிரையே வாங்கக்கூடியது. 2013 ஜூன் 16, 17 தேதிகளில் கேதார்நாத்தில் வந்த வெள்ளம் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. 2025 ஆகஸ்ட் 5 அன்று உத்தரகாசி மாவட்டத்தில் தராலி என்ற கிராமத்தின் மேல் சேறும் பாறையுமாக வெள்ளம் பாய்ந்தது. இமயம் வயதில் இளைய மலை. அதன் மண் இன்னும் இறுகவில்லை. கனமழையில் சரிவு நழுவும், சாலை அதோடு போகும். நாம் புயலுக்கு ஒன்று முதல் நான்கு வரை எச்சரிக்கை எண் பார்ப்பதுபோல, அங்கே வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் சொல்கிறது. சிவப்பு என்றால் நான்காம் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தலை காட்டக்கூடாது.

ஏப்ரல், மே? மழை இல்லை. ஆனால் புழுதியும் காட்டுத்தீப் புகையும் சேர்ந்து வானம் கலங்கிவிடுகிறது. பைன் மரத்தின் காய்ந்த ஊசியிலைகள் தரையெல்லாம் மெத்தை போட்டிருக்கும். ஒரு பொறி போதும். சமவெளியின் வெயிலுக்குத் தப்பி டெல்லி முழுக்க மலை ஏறிவிடும் மாதங்களும் அவைதாம்.

மிஞ்சுவது நவம்பர். மழை போய், வானம் கழுவித் துடைத்ததுபோல் இருக்கும். பனிப்பொழிவு இன்னும் தொடங்கியிருக்காது. நம் ஆண்டிறுதி விடுமுறையும் அப்போதுதான் ஆரம்பமாகிறது. இங்கே புயல் பருவம் தொடங்கும் நேரத்தில் அங்கே வானம் திறக்கிறது. இதைவிட நல்ல பொருத்தம் ஜாதகத்தில்கூட அமையாது. தீபாவளியை ஒட்டிய வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ரயிலில் இடம் கிடைக்காது. வீட்டில் எஸ்.சி. அல்லது ஹெச்.எஸ்.சி. தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் டிசம்பர் முதல் வாரம். டிசம்பர் பாதிக்குமேல் டெல்லியில் மூடுபனி இறங்கி ரயிலும் விமானமும் தாமதமாகத் தொடங்கும், வேண்டாம்.

[காட்சி: இமயத்தின் வரைபடம். டெல்லியிலிருந்து மேலே போகும் பல கோடுகள். ஒன்று மட்டும் தங்க நிறத்தில்.]

இப்போது ஊர். இணையத்தில் தேடினால் ஸ்பிதி, சித்குல், முன்ஸியாரி என்று ஒன்றைவிட ஒன்று அழகான பெயர்கள் வரும். எல்லாமே உண்மையில் அழகானவை. ஆனால் முன்ஸியாரிக்கு ரயில் முனையிலிருந்து காரில் ஒரு முழுப் பகல் ஆகும். மூன்று இரவுப் பயணத்தில் போக ஒரு நாள், வர ஒரு நாள் என்றால் நீங்கள் பார்க்கப்போவது ஓட்டுநரின் பின்னந்தலையைத்தான். மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள். மணிக்கு 20, 25 கிலோமீட்டர் என்று வைத்து நேரமாக மாற்றிப் பாருங்கள்.

அப்பர் கயிலையைக் காணக் கிளம்பிய கதை நமக்குத் தெரியும். நடந்து கால் தேய்ந்து, தவழ்ந்து கை தேய்ந்து, உருண்டு உடல் தேய்ந்தும் விடாமல் போனவரை, ஒரு குளத்தில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் கொடுத்தார் இறைவன். ஊர் தேர்ந்தெடுக்கும்போது எனக்கு அந்தக் கதைதான் வழிகாட்டி. சாந்த்-குரோவாவில் இருக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலையே கைலாசோன் என்று அழைத்துப் பழகியவர்கள் நாம். பக்கத்தில் இருப்பதில் பெரியதைப் பார்க்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் சொல்லும் திருவையாறு, உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவுன் பகுதியில் முக்தேஷ்வரும் அதைச் சுற்றிய கிராமங்களும். முக்தேஷ்வர் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசு கால்நடை நோய்களை ஆராயும் கூடத்தை 1893-ல் புனேயிலிருந்து அங்கே கொண்டுபோனது. நோய்க்கிருமியோடு வேலை செய்ய, ஊருக்கு ஒதுக்குப்புறமான குளிர்ந்த இடம் வேண்டியிருந்தது. பெயருக்குக் காரணமான சிவன் கோயில் உச்சிப் பாறையில் இருக்கிறது. இப்போது கடைத்தெருப் பக்கம் விடுதிகள் நெருங்கிவிட்டன. அதனால் சற்றுத் தள்ளி சீத்லா, சத்தோலி, பியூரா என்று இருக்கும் கிராமங்களில் ஒன்றில் வீடு பிடியுங்கள். ஆப்பிள், பீச், ஆப்ரிகாட் தோட்டங்களுக்கு நடுவே கல்லும் மரமும் சேர்ந்த வீடுகள். வடக்கே பார்த்தால் திரிசூல், நந்தாதேவி, பஞ்சசூலி என்று ஒரே வரிசை.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலை நோய் என்று சொல்வது பொதுவாக 2,500 மீட்டருக்குமேல் தூங்கும்போதுதான் தலைகாட்டுகிறது. கடல் மட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நம் பாட்டிமாருக்கு 2,200 பாதுகாப்பான எண். அவர்களைப் படுத்தப்போவது உயரமில்லை, வளைவுகள். வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன் கொடுங்கள். இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் இங்கேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும். அங்கே பெரிய மருத்துவமனை என்றால் மலையடிவாரத்தில் ஹல்த்வானியில்தான்.

[காட்சி: பாஸ்போர்ட், அச்சிட்ட விசாத் தாள்.]

காகித வேலை. நம்மில் பலருக்கு முகமும் பெயரும் இந்தியாவுடையது என்பதால் நாம் அங்கே வெளிநாட்டவர் என்பது மறந்துபோகிறது. மலையில் அது அடிக்கடி நினைவூட்டப்படும். இ-விசாவை இந்திய அரசின் இணையதளத்தில் மட்டும் எடுங்கள். அதே சாயலில் காசு பிடுங்கும் தளங்கள் பல. 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் இங்கே வந்திருந்தபோது, இந்திய வம்சாவளி மொரீஷியர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை ஓ.சி.ஐ. என்ற கடல்கடந்த இந்தியக் குடிமக்கள் அட்டை உண்டு என்று அறிவித்தார். தாத்தாவின் தாத்தா வந்த கப்பலின் பதிவைத் தேடி எடுக்க முடிந்தவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் அந்த அட்டை இருந்தாலும் எல்லையோரத் தடைப்பகுதிகளுக்குத் தனி அனுமதி வேண்டும். சிக்கிம், அருணாசலம் இரண்டுக்கும் அப்படித்தான். உத்தராகண்டிலேயே சக்ராதா என்ற மலையூர் ராணுவப் பகுதி என்பதால் வெளிநாட்டவர் நினைத்த மாத்திரத்தில் போக முடியாது. முக்தேஷ்வர் பக்கம் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நான் அதைத் தேர்ந்தெடுத்ததில் இதற்கும் பங்குண்டு.

வீடு பதிவு செய்யும்போது ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுங்கள்: வெளிநாட்டவருக்கான சி படிவம் நீங்கள் தாக்கல் செய்வீர்களா? வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். சின்ன ஹோம்ஸ்டேக்களில் சிலருக்கு அந்தப் பழக்கம் இல்லை. தொலைபேசியில் ஹிந்தியில் பேசிவிட்டு, மாலை ஐந்து மணிக்குப் பாஸ்போர்ட்டை நீட்டினால் அவர் முகம் மாறும். குளிரில் பெட்டியோடு நிற்பது நாம்தான். மலை நடைப் பிரியர்களுக்கு இன்னொன்று: செயற்கைக்கோள் தொலைபேசியை இந்தியாவுக்குள் அனுமதி இல்லாமல் கொண்டுபோவது குற்றம். அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

[காட்சி: காத்கோதாம் ரயில் நிலையம். நடைமேடையின் முடிவில் எழுந்து நிற்கும் பச்சை மலை.]

வழி. சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம், மூன்று மணி நேரத்துக்குள். நவம்பர் டெல்லியின் காற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், கேள்விப்பட்டதைவிட மோசம். நல்ல முகக்கவசம் போட்டுக்கொண்டு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு இரவு தூங்கி, விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். காலை ஆறு மணிக்குமேல் புது டெல்லியிலிருந்து புறப்படும் சதாப்தி ரயில், நண்பகலுக்குள் காத்கோதாமில் இறக்கிவிடும். இரவில் போக விரும்பினால் ராணிகேத் எக்ஸ்பிரஸ், விடியற்காலையில் சேரும். பயணிகள் ரயில் 1956-ல் நின்றுபோன தீவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஜன்னலோர இருக்கை ஒன்றே பாதி விடுமுறை.

காத்கோதாம் ஏறத்தாழ நம் கியூர்பீப்பின் உயரம், 550 மீட்டரை ஒட்டி. அங்கிருந்து மூன்று மணி நேரத்தில் 2,200-க்கு ஏறுகிறோம். வண்டியை வீட்டுக்காரரிடமே சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். எந்தத் திருப்பத்தில் வேகம் குறைக்க வேண்டும் என்பது அந்த ஊர் ஓட்டுநருக்குக் கைவந்த விஷயம். பீம்தால், தனாசூலி வழியாகப் போகச் சொல்லுங்கள். பவாலியைத் தாண்டி அல்மோரா போகும் சாலையில் கைஞ்சி தாம் ஆசிரமம் இருக்கிறது. ஸ்டீவ் ஜாப்ஸ் 1974-ல் தேடி வந்த இடம் என்ற பெயரால் இப்போது கூட்டம் அலைமோதுகிறது. வார இறுதியில் அந்தப் பக்கம் போனால் தியானம் காருக்குள்தான். புறப்பாட்டை ஞாயிறு அல்லது திங்களில் வைத்தால், டெல்லிக்காரர்கள் இறங்கும்போது நாம் ஏறலாம்.

இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும். நவம்பரில் அங்கே ஐந்தேகால் மணிக்கே சூரியன் போய்விடும். இரவில் அந்த வளைவுகளில் வண்டி ஓட்டுவது உள்ளூர்க்காரர்களே தவிர்க்கும் வேலை. இருட்டிய பிறகு தனியே நடக்கவும் வேண்டாம். சிறுத்தை நடமாட்டம் நிஜம், சுற்றுலாப் பயணிகளுக்கான கதை இல்லை.

[காட்சி: மண் அடுப்பு. இரும்புக் கல்லில் கருநிற ரொட்டி உப்புகிறது.]

வீட்டுக்குள் வருவோம். இங்கேதான் நான் சற்று நேரம் உட்காரப் போகிறேன்.

குளிர் முதலில். பகலில் வெயிலில் 15 டிகிரியை ஒட்டி இருக்கும், சுகமாக இருக்கும். இரவில் 5, 6 டிகிரி. கியூர்பீப் ஸ்வெட்டர் போதாது. அறைக்குள் சூடாக்கி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். விறகு அடுப்பு ஒன்று கூடத்தில் இருக்கும், ரஜாய் என்ற கனத்த பஞ்சுப் போர்வை படுக்கையில் இருக்கும். அதற்குள் வெந்நீர்ப் பையோடு நுழைந்தால் காலை வரை வெளியே வர மனம் வராது.

பிறகு சாப்பாடு. முதல் இரவு அந்த வீட்டு அம்மா கறுப்பாக ஒரு ரொட்டியை வைத்து, மண்டுவா என்றார். ஒரு வாய் வைத்ததும் என் மாமியார் நிமிர்ந்து, இது கேழ்வரகு என்றார். அம்மன் கோயிலில் கஞ்சி வார்ப்பதைப் பற்றித் தொடங்கி, தன் பாட்டி செய்த களி வரை போய்விட்டார், எல்லாம் நம் தீவின் கிரியோல் மொழியில். அந்த அம்மாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. இன்னொரு ரொட்டி போட்டார். அடுத்த நாள் கஹத் பருப்பு வந்தது. அது கொள்ளு. குளிருக்குச் சூடு தரும் என்று அங்கேயும் சொல்கிறார்கள். ஜங்கோரா என்று பாயசம் செய்தார்கள், அது குதிரைவாலி. தமிழ்நாட்டு மேட்டு நிலத்துச் சாப்பாடு முழுவதும், நம் தீவில் பாதி மறந்துபோனது, இமயத்தடியில் வேறு பெயரில் காத்திருந்தது. பட் என்ற கறுப்புச் சோயாவில் செய்யும் சுர்க்கானி மட்டும்தான் எங்களுக்கு முழுக்கப் புதிது. கடுகும் மிளகாயும் போட்டு வதக்கும் உருளைக்கிழங்கு, ஆலு கே குட்கே, பிள்ளைகளுக்கு.

கஞ்சா விதைத் துவையல் ஒன்றும் உண்டு. பதறாதீர்கள், விதையில் போதை இல்லை. வறுத்து அரைத்து எலுமிச்சை பிழிந்தால் எள்ளுத் துவையல் போல அருமை. அங்கேயே சாப்பிட்டு அங்கேயே மறந்துவிடுங்கள். அதை ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து பிளேசான்ஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரிக்குக் குமாவுன் சமையல் வகுப்பு எடுக்க வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது. எந்த விதையும் கன்றும் அனுமதிச் சீட்டு இல்லாமல் நம் தீவுக்குள் வரக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். அல்மோராவின் பால் மிட்டாய் வாங்கி வாருங்கள். பழுப்புக் கோவாவின் மேல் வெள்ளைச் சர்க்கரை மணிகள் ஒட்டியிருக்கும்.

மொழி? ஹிந்தி போதும். அண்டைவீட்டு போஜ்புரியும் பாதிக் கிணறு தாண்ட வைக்கும். வீட்டு அம்மாவை ஈஜா என்றும் பாட்டியை ஆமா என்றும் அழைத்துப் பாருங்கள். குமாவுனியில் அவைதாம் சொற்கள். தேநீர் இரண்டாம் தடவை கேட்காமலே வரும்.

பகலில் என்ன செய்வது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் வேண்டுமானால் ஜாகேஷ்வர் போய்வாருங்கள்: தேவதாரு காட்டுக்குள் நூற்றுக்குமேற்பட்ட சிறிய கல் கோயில்கள். அல்மோரா வழியில் சிதயி என்ற இடத்தில் கோலு தேவதை கோயில் இருக்கிறது. நீதி கேட்டு வருபவர்கள் முத்திரைத்தாளில் மனு எழுதிக் கட்டுகிறார்கள். வழக்கு ஜெயித்தால் மணி கட்டுகிறார்கள். நம் முனீஸ்வரனுக்கு இந்த யோசனை ஏன் வரவில்லை என்று மாமியார் கேட்டார். மற்ற நாளில் எங்கும் போகாதீர்கள். காலை ஆறரைக்கு எழுந்து, திரிசூலின் மூன்று முனையிலும் சிவப்பு ஏறுவதைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அது வெள்ளையாகிவிடும். தோட்டத்தில் நடங்கள். வெயிலில் உட்காருங்கள்.

[காட்சி: பூட்டிய கதவு. முற்றத்தில் முளைத்த புல். ஒலி இல்லை.]

இரண்டாம் நாள் நடையில் நான் கவனித்தது, பூட்டிய வீடுகள். ஒன்று, இரண்டு, ஐந்து. பிள்ளைகள் ஹல்த்வானியில், டெல்லியில் வேலைக்குப் போய்விட்டார்கள் என்றார் வீட்டுக்காரர். உத்தராகண்டின் இடப்பெயர்வு ஆணையம் 2018-ல் தந்த அறிக்கையின்படி, 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளே இல்லாமல் போயின. நாம் காசு கொடுத்துத் தேடிப்போகும் அமைதியில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான். போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் அப்பிரவாசி காட் படிகளில் ஏறிய ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். அவர்கள் கிளம்பிய பிறகு அந்தத் தெருக்கள் எப்படி இருந்திருக்கும் என்று நான் அதற்குமுன் யோசித்ததே இல்லை. பெரிய விடுதியைவிட ஒரு குடும்பம் நடத்தும் வீட்டில் தங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு அந்தப் பூட்டுகள்தாம் காரணம்.

[காட்சி: மொரீஷியஸ் ரூபாய் நோட்டும் இந்திய ரூபாய் நோட்டும் அருகருகே.]

பணம். நம் நோட்டிலும் தமிழ் இருக்கிறது, அவர்கள் நோட்டிலும் தமிழ் இருக்கிறது. ஆனால் நம்முடையதை மலையில் ஒருவரும் மாற்றித் தர மாட்டார்கள். யூரோவோ டாலரோ கொண்டுபோய்ச் சென்னையிலேயே மாற்றி, 100, 200 நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் யு.பி.ஐ. என்ற இந்தியக் கைபேசிப் பணச் சேவை மொரீஷியஸோடு இணைக்கப்பட்டது உண்மைதான். சிக்னல் இல்லாத தேநீர்க் கடையில் அந்த உண்மையால் பயன் குறைவு. பரிசாக இங்கிருந்து வனிலாத் தேயிலை இரண்டு பெட்டி எடுத்துப் போங்கள். ஆமா ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். பிறகு பெட்டியைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொள்வார்.

ஐந்தாம் நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பின் இறங்கி, பிற்பகல் சதாப்தியில் இரவு டெல்லி. ஆறாம் நாள் சென்னை. மொரீஷியஸ் திரும்பும் விமானத்துக்கு முன் முழுதாக ஒரு நாளை வெறுமனே விட்டுவையுங்கள். மலைச்சாலைக்கு நம் டிக்கெட் தேதி தெரியாது.

அந்த டிக்கெட்டைப் பற்றிக் கடைசியாக. இந்திய ரயிலில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது, பழைய வீடியோக்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். நவம்பர் 15 அன்று ரயில் என்றால், செப்டம்பர் 16 காலை இந்திய நேரம் எட்டு மணிக்கு. ரயில்வே இணையதளத்தில் கணக்கை ஒரு வாரம் முன்பே தொடங்கி, ஆதார் இல்லாத கணக்குக்கு அந்த நேரம் திறக்குமா என்று பார்த்து, எல்லோருடைய பாஸ்போர்ட் எண்ணையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். நம் கடிகாரத்தில் அந்த எட்டு மணி காலை ஆறரை.

[காட்சி: இருட்டு அறை. கணினித் திரை வெளிச்சம். சுவர்க் கடிகாரத்தில் 6:29.]